மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பது

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். காலை எட்டரை மணிக்கே வராண்டா பெஞ்சுகள் நிறைந்துவிடும். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், வயிற்றின் அளவு, குழந்தையின் துடிப்பு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவோம். தாயின் இதயத்தைக் கேட்பதும் அந்த வரிசையில் உண்டு. ஆனால் கடைசியில் உண்டு.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை 22 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முதல் கர்ப்பம், நான்காம் மாதம். ஒல்லியான உடம்பு. கூடவே மாமியார். நான் அவளை நாற்காலியில் உட்கார வைத்தபடியே, சேலைக்கு மேலாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நான்கு துடிப்பு கேட்டிருப்பேன். அட்டையில் ‘நார்மல்’ என்று எழுதினேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் இரவு ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்தார்கள். படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருமல் வருகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலை. மூன்று வாரமாகவே இப்படித்தானாம். "மாசம் ஏற ஏற மூச்சு வாங்கத்தானே செய்யும்னு விட்டுட்டோம் டாக்டரம்மா" என்றார் மாமியார். முதுகில் ஸ்டெத் வைத்தால் நுரையீரலின் அடிப்பகுதி முழுக்க நீர் கோத்த சத்தம். ஆக்சிஜன் வைத்து, நீர் இறங்க ஊசி போட்டு, 108-ல் ஏற்றி புதுச்சேரியில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். மறுநாள் தகவல் வந்தது: மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. பிறவிக் குறை இல்லை. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம்.

மைட்ரல் வால்வு என்பது நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இதயத்தின் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் கதவு. நன்றாக இருக்கும் வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அவளுக்கு 1 சதுர சென்டிமீட்டர்தான் திறந்தது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. கதவோ ஒருக்களித்தபடியே நிற்கிறது. உள்ளே போக முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். அதனால்தான் அதுவரை மீன்கூடை சுமந்து ஓடியாடிக்கொண்டிருந்த பெண், ஏழாம் மாதத்தில் தலையணை அடுக்கி உட்கார்ந்தபடி தூங்க வேண்டியதாயிற்று.

அந்த வார விடுமுறையில் புதுச்சேரிக்குப் பேருந்து பிடித்துப் போய் அவளைப் பார்த்தேன். மருந்தில் துடிப்பு நிதானத்துக்கு வந்திருந்தது. "இன்னொரு தடவை நெஞ்சைக் கேட்டுப் பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். சரி என்று தலையசைத்து, அங்கிருந்த மருத்துவர் சொன்னபடி இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். துடிப்பு விரலில் தட்டும் இடத்தைத் தேடி, அங்கே ஸ்டெத்தின் சின்னக் குவளைப் பக்கத்தை, அதாவது பெல்லை, அழுத்தாமல் வைத்தேன். "மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்தும்மா."

முதல் ஒலி கதவைப் படீரென்று சாத்தினாற்போல் கேட்டது. இரண்டாம் ஒலி. அது முடிந்த கையோடு நகம் சுண்டினாற்போல் ஒரு சின்ன ‘டிக்’. அதற்குப் பின்னால், மிகத் தாழ்ந்த குரலில் ஓர் உருளல். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு. பகலில் அங்கே கடல் இருப்பதே காதுக்குத் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வண்டிகள் அடங்கியபின் அலை புரளும் சத்தம் தரை வழியாக வருவதுபோல் வரும். ஒரு மோட்டார் சைக்கிள் போனால் போதும், மறைந்துவிடும். அந்த உருளல் அப்படித்தான் இருந்தது. நான்காம் மாதத்திலும் அது அங்கே இருந்திருக்கும். அதைக் கேட்கிற மாதிரி நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் கோட்டை விட்டதற்குக் காரணம் காது இல்லை. இதைத்தான் என்னிடம் பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இதய ஒலிகளுக்கு நடுவில் ரத்தம் ஓடும்போது எழும் கூடுதல் இரைச்சலைத்தான் மர்மர் என்கிறோம், அந்த உருளலும் அதில் ஒன்று. "எனக்கு மர்மர் கேக்கவே மாட்டேங்குது மேடம்" என்று வருத்தப்படுபவர்களில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே இருக்கிறது. துணிக்கு மேல் வைக்கிறார்கள். மின்விசிறி ஓடுகிறது. உட்கார்ந்த நிலையில் மட்டும் கேட்கிறார்கள். தட்டைப் பக்கத்தில் மட்டும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கப் பார்க்கிறார்கள். அன்று நான் இந்த ஐந்தையும் செய்தேன்.

நான் படித்தது புதுச்சேரியில். மூன்றாம் ஆண்டில் முதல் ஆறு மாதம் எனக்கு லப்-டப் தவிர எதுவும் கேட்டதில்லை. சுற்றி நிற்கும் மாணவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டுவிட்டு "ஆமாம் சார், கேக்குது" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் எங்கள் பேராசிரியர் என்னை நிறுத்தி, "கேட்டது எங்க இருந்துச்சு? லப்புக்கு அப்புறமா, டப்புக்கு அப்புறமா?" என்று கேட்டார். எனக்கு எது லப், எது டப் என்றே தெரியவில்லை. அவர் திட்டவில்லை. என் இடது கையைப் பிடித்து, நோயாளியின் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கத்தில் துடிக்கும் தமனியின் மேல் விரலை வைத்தார். "விரல்ல தட்டும்போது காதுல கேக்குறதுதான் லப். இப்போ வேற எதையும் கேக்காதே. இதை மட்டும் கேளு" என்றார்.

இதயம் நிதானமாகத் துடிக்கும்போது இரண்டையும் பிரிப்பது எளிது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் லப்புக்கும் டப்புக்கும் நடுவில் சுமார் 0.3 வினாடி, டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவில் 0.5. சின்ன இடைவெளி இதயம் சுருங்கும் நேரம், பெரிய இடைவெளி அது விரிந்து நிரம்பும் நேரம். காய்ச்சல், பயம், கர்ப்பம், ரத்தசோகை என்று எதனாலாவது துடிப்பு வேகமாகிவிட்டால், நிரம்பும் நேரம்தான் அதிகம் குறையும். 120-ஐ நெருங்கும்போது இரண்டு இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். காதை மட்டும் நம்பினால் அப்போது லப் டப்பாகும், டப் லப்பாகும். சுருங்கும் நேரத்து மர்மர் என்று நினைத்தது நிரம்பும் நேரத்து மர்மராக இருக்கும். அதனால் கழுத்தில் விரல் வைப்பது இன்றைக்கும் என் வழக்கம். ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது. மணிக்கட்டு நாடி இதற்கு உதவாது, அலை அங்கே போய்ச் சேரச் சற்று நேரமாகும்.

அந்த இரண்டு ஒலியும் என்ன? லப் என்பது மைட்ரல், ட்ரைகஸ்பிட் என்னும் உள்கதவுகள் இரண்டும் மூடும்போது வருவது. டப் என்பது அயோர்ட்டிக், பல்மனரி என்னும் வெளிக்கதவுகள் இரண்டும் மூடும்போது வருவது. ஒழுங்கான கதவு மூடும்போது சத்தம் போடும், திறக்கும்போது போடாது. அந்தப் பெண்ணின் இதயத்தில் கேட்ட ‘டிக்’, விறைத்துப்போன வால்வு திறக்கும்போது வந்தது. திறக்கும் சத்தம் கேட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

லப்பையும் டப்பையும் பிரித்தபின் இடைவெளிகளைக் கேட்க வேண்டும். பேராசிரியர் சொன்ன உதாரணம் இது: கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒத்தும் சேர்ந்து ஒலிக்கும். அத்தனைக்கும் நடுவில் தவிலை மட்டும் கேட்க வேண்டும் என்று மனசு வைத்தால், கொஞ்ச நேரத்தில் தவில் தனியாகப் பிரிந்து வரும். நாதஸ்வரம் நின்றுவிடவில்லை, நாம் அதை ஒதுக்கிவிட்டோம். அதேபோல் பத்துத் துடிப்பு லப்பை மட்டும் கேள். பத்துத் துடிப்பு டப்பை மட்டும். அடுத்த பத்து, சின்ன இடைவெளியில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும். அடுத்த பத்து, பெரிய இடைவெளி மட்டும். நாற்பது துடிப்புக்கு அரை நிமிடம் போதும். ஓர் இடத்தில் அரை நிமிடம், நான்கு இடத்தில் இரண்டு நிமிடம். எவ்வளவு கூட்டமான நாளிலும் இரண்டு நிமிடம் கிடைக்கும். கிடைக்காது என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தொண்டைக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே இரண்டாவது விலா இடைவெளி. வலப்புறம் அயோர்ட்டிக், இடப்புறம் பல்மனரி. இடது ஓரமாகவே இறங்கி நான்காவது இடைவெளியில் ட்ரைகஸ்பிட். ஐந்தாவது இடைவெளியில், காரை எலும்பின் நடுவிலிருந்து நேராகக் கீழே, மைட்ரல். நான் வலது மேலிருந்து தொடங்குவேன். அங்கே டப் உரக்கக் கேட்கும், அடையாளம் தெரியும். அந்த அடையாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தால், கீழே வந்து சேரும்போதும் எது எது என்பதில் குழப்பம் இருக்காது.

தட்டைப் பக்கமான டயஃப்ரம் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு, அதை நன்றாக அழுத்தி வைக்க வேண்டும். பெல் தாழ்ந்த ஒலிகளுக்கு, தோலில் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். பெல்லை அழுத்தினால் அடியில் இருக்கும் தோல் இழுபட்டு அதுவே ஒரு டயஃப்ரம் ஆகிவிடும், நாம் தேடிப்போன உருளல் காணாமல் போய்விடும். சில புது மாடல்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும், அழுத்தத்தைப் பொறுத்து மாறும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமலே இரண்டு வருடம் பயன்படுத்திய ஒரு மாணவியைப் பார்த்திருக்கிறேன். காதில் மாட்டும் முனைகள் மூக்கைப் பார்த்து முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், காதுக்குழாயின் போக்கு அப்படி. திருப்பி மாட்டினால் பாதி ஒலி போய்விடும். வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் படப்படக் குழாய் விறைத்துக்கொள்ளும், சட்டைக் காலருக்கு மேல் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொருவருக்கும் நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதையும் விட வேண்டாம்.

பெண்களைப் பரிசோதிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலைக்கு மேல் வைத்துக் கேட்பதற்கு நாம் எல்லோரும் சொல்லும் காரணம் கூச்சம். அவர்களுடைய கூச்சம் என்கிறோம். பாதி நம்முடையது. எங்கள் நிலையத்தில் ஒரு கட்டிலைச் சுற்றித் திரை போட்டோம். சிஸ்டர் ஒருவர் கூட இருப்பார். என்ன செய்யப் போகிறேன், எதற்கு என்று முன்பே சொல்லிவிடுவேன்: "உன்னோட இதயத்தையும் கேக்கணும்மா, புள்ளையோடத மட்டும் கேட்டாப் பத்தாது." இதுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை. மைட்ரல் கேட்கும் இடம் பெரும்பாலும் இடது மார்புக்கு அடியில் இருக்கும். புறங்கையால் மெல்ல உயர்த்தி அடியில் வைக்க வேண்டும், அல்லது அவரையே உயர்த்திக்கொள்ளச் சொல்லலாம். உலோகம் சில்லென்று இருக்கும், உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வைக்க வேண்டும். உடம்பு சிலிர்த்து இறுகினால் தசையின் சத்தம்தான் கேட்கும்.

எந்த ஒலிக்கு எந்தக் கிடப்பு என்பதில் இரண்டை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். மைட்ரல் சுருக்கத்துக்கு நான் மேலே சொன்ன இடது பக்கச் சாய்வு. அயோர்ட்டிக் வால்வு ஒழுகுவதற்கு, உட்கார வைத்து முன்னால் குனியச் சொல்லி, மூச்சை முழுக்க வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பெலும்பின் இடது ஓரத்தில் டயஃப்ரத்தை அழுத்தி வைக்க வேண்டும். டப் முடிந்தவுடன் ‘ஹா...’ என்று பெருமூச்சு தேய்ந்து போவதுபோல் கேட்கும். மூச்சுச் சத்தம்போலவே இருப்பதால் மூச்சை நிறுத்தாமல் அதைப் பிடிக்க முடியாது. நோயாளியை நிறுத்தச் சொல்லும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நமக்கு முட்டும்போது அவருக்கும் முட்டும் என்பது தெரியும், விடச் சொல்ல மறக்க மாட்டோம்.

மைட்ரல் ஒழுகினால் லப்பிலிருந்து டப் வரை ஒரே சீராக இரைச்சல், இடது அக்குளுக்குப் பரவும். அயோர்ட்டிக் சுருங்கினால் லப்புக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி ஏறி இறங்கும், கழுத்துக்குப் பரவும். வலது பக்க வால்வுகளின் மர்மர் பொதுவாக மூச்சை உள்ளே இழுக்கும்போது கூடும். இவற்றைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும்போது ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். ஒரு வால்வு எப்போது திறந்திருக்க வேண்டும், எப்போது மூடியிருக்க வேண்டும் என்று யோசித்தால் மீதியை நாமே சொல்லிவிடலாம்.

இப்போது சத்தத்தின் அளவு. மர்மரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது 1933-ல் லெவைன் என்ற மருத்துவர் வழியாக வந்த பழக்கம். 4-லிருந்து மேலே என்றால் உள்ளங்கை வைத்தாலே பூனையின் முதுகைத் தொட்டதுபோல் அதிர்வு தெரியும். அந்த எண்ணைப் பார்த்து நோயின் அளவை முடிவு செய்துவிடக் கூடாது. துறைமுகம் பக்கத்திலிருந்து 68 வயதுப் பெரியவர் ஒருவர் வருவார், படகு வேலை பார்த்தவர். அயோர்ட்டிக் சுருக்கம். முதலில் பார்த்தபோது அறை முழுக்கக் கேட்கும்போல் மர்மர். மேல்சிகிச்சைக்குப் போகச் சொன்னால் "இந்த வயசுல எதுக்கும்மா" என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்றரை வருடம் கழித்து, மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தார் என்று கூட்டி வந்தார்கள். கேட்டால் மர்மர் நன்றாகக் குறைந்திருந்தது. உடனிருந்த பயிற்சி மருத்துவர் "முன்னைக்கு இப்போ பரவாயில்ல போல மேடம்" என்றார். கழுத்தில் விரலை வைக்கச் சொன்னேன். நாடி தட்டவில்லை, சோம்பலாக மெல்ல எழும்பி வந்தது. டப் ஏறக்குறைய காணோம். இதயம் களைத்துப் போய் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்ததால்தான் இரைச்சலும் குறைந்திருந்தது. அன்றே அனுப்பினோம். இந்த முறை மறுக்கவில்லை. வால்வு மாற்றிவிட்டார்கள், இப்போது உலோக வால்வின் ‘டிக் டிக்’ ஸ்டெத் இல்லாமலே கேட்கிறது என்று அவரே காட்டுவார்.

இதற்கு நேர்மாறாக, இரண்டு கீழறைகளுக்கு நடுவில் சின்ன ஓட்டை உள்ள குழந்தைகளிடம் மர்மர் காதை அடைக்கும். சின்னத் துவாரம் என்பதால்தான் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு போய் அவ்வளவு சத்தம். பல குழந்தைகளுக்கு அது தானாகவே மூடிவிடும். பெரிய ஓட்டை அமைதியாக இருக்கலாம்.

குழந்தைகள் என்றதும் நான் செய்த இன்னொரு தவறைச் சொல்லியாக வேண்டும். பள்ளி முகாம் ஒன்றில் ஏழு வயதுச் சிறுமி. இரண்டு நாள் காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். மார்பெலும்பின் இடது ஓரத்தில் மெல்லிய, கம்பி அதிர்வதுபோன்ற இனிமையான மர்மர். சீட்டில் ‘மர்மர் உள்ளது, எக்கோ எடுக்கவும்’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டேன். எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். நான்கு மாதம் கழித்து அதே பள்ளிக்குப் போனபோது மற்ற பிள்ளைகள் கோ-கோ விளையாடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை சொன்னார்: "அவளுக்கு இதயத்துல ஓட்டைன்னு நீங்கதானே டாக்டர் எழுதிக் குடுத்தீங்க. ஓடக் கூடாதுன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க."

எக்கோ எடுக்கவில்லை. பயம். பாட்டி திருவந்திபுரத்தில் முடி காணிக்கை வேண்டிக்கொண்டு, அதுவரைக்கும் பிள்ளை ஓடாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தார். மறுவாரமே அழைத்துப் போய் எக்கோ எடுத்தோம். இதயத்தில் ஒன்றும் இல்லை. நான் எழுதியது நான்கு சொல். அந்தப் பிள்ளைக்கு நான்கு மாதம் போயிற்று.

வளரும் பிள்ளைகளில் பலரிடம் எந்த நோயும் இல்லாத மர்மர் ஒரு காலத்திலாவது கேட்கும். காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் அது கூடும். அது மெல்லியதாக இருக்கும், சின்ன இடைவெளியில் மட்டும் இருக்கும், படுத்தால் கேட்கும், எழுந்து நின்றால் குறையும், கையில் அதிர்வு இருக்காது. பிள்ளை நன்றாக வளர்ந்து, ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். டப்பையும் கவனிக்க வேண்டும்: மூச்சை இழுக்கும்போது டப் இரண்டாகப் பிரிந்து, விடும்போது ஒன்றாகச் சேர்ந்தால் நல்லது. மூச்சு எப்படி இருந்தாலும் பிரிந்தே நின்றால் மேலறைகளுக்கு நடுவில் ஓட்டை இருக்கலாம், அதில் மர்மர் மெல்லியதாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. பெரிய இடைவெளியில் மட்டும் கேட்கும் மர்மரை, யாருக்காக இருந்தாலும், சாதாரணம் என்று விடுவதில்லை.

இப்போது பெற்றோரிடம் இப்படிச் சொல்கிறேன்: "மழைக்காலத்துல கெடிலத்துல தண்ணி வேகமாப் போனா சலசலன்னு கேக்குதுல்ல? அதனால ஆத்துல உடைப்புன்னு அர்த்தமா? இவளோட ரத்தம் வேகமா ஓடுது, அதோட சத்தம்தான் இது. எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடலாம், அதுவரைக்கும் வழக்கம்போல விளையாடட்டும்." விளையாடட்டும் என்பதை வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். (சந்தேகம் பலமாக இருந்தால் அதையும் நேராகச் சொல்லி, எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.) மேலே அனுப்பும் சீட்டிலும் வெறும் ‘மர்மர்’ எழுதுவதில்லை. எந்த இடத்தில், எந்த இடைவெளியில், எங்கே பரவுகிறது, எந்தக் கிடப்பில் கூடுகிறது என்று நான்கும் எழுதினால், அங்கே பார்ப்பவருக்கு யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று தெரியும்.

எக்கோ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் எக்கோ இல்லை. யாரைப் பேருந்து ஏற்றி அனுப்புவது, யாரை இன்று ராத்திரியே அனுப்புவது என்பதை இந்தக் குழாய்தான் சொல்கிறது. 1816-ல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதில் தொடங்கியது இது. ஏழு வருடம் கழித்து, 1823-ல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் காகிதச் சுருளின் நினைவு வரும். கூச்சத்துக்கு அவர் கண்டுபிடித்த விடை அது.

வாதக் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை, மருத்துவம் படிக்காதவர்களுக்காக. 5 முதல் 15 வயதுக்குள் தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமியின் விளைவு, சில வாரம் கழித்து மூட்டுவலியாக வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று மாறும், பிறகு தானே போய்விடும். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று பழைய மருத்துவர்கள் சொல்வார்கள். தொண்டைவலியும் காய்ச்சலுமாக இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்தாமல் சொன்ன நாள் வரை கொடுங்கள். ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வராமல் இருக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல வருடம் போட வேண்டியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்குப் புதுச்சேரியிலேயே பலூன் வைத்து வால்வை விரித்தார்கள், வயிற்றின் மேல் ஈயத் தடுப்பு போட்டு. ஒன்பதாம் மாதத்தில் ஆண் குழந்தை. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசிக்கு எங்களிடம்தான் வருகிறாள். போன முறை மீன்பிடித் தடைக்காலம், புருஷனும் கூட வந்திருந்தான், பையன் அவன் தோளில். அவள் கட்டிலில் ஏறி, நான் சொல்வதற்கு முன்பே இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். சிஸ்டர் சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினார். பெல்லை உள்ளங்கையில் தேய்த்து வைத்தேன். லப் இன்னும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. உருளல் குறுகிவிட்டது, இருந்தாலும் இருக்கிறது. அதை அப்படியே அட்டையில் எழுதி, அடுத்த ஊசிக்கான தேதியைப் போட்டுப் புருஷன் கையில் கொடுத்தேன்.